தண்ணீர் வளர்த்த கதை

விடுமுறைக் காலத்தில் கண்டதும் கற்றதும் யாவை என்று எழுதப் புகும் நம் கலாசாலை மாணவர்கள், மலைநாட்டுக் காட்சிகளையும் கோயில் நகரங்களையும் வருணிப்பது வழக்கம். யாம் எங்கும் சென்றோமில்லை. கொடுங்கையூரில், தகரக் கூரை வேய்ந்த எம் இல்லத்தின் முன்னறையில், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள ஒரு கண்ணாடித் தொட்டியின் முன் அமர்ந்து கற்றதையே ஈண்டுக் கூறப் போகிறோம். சிறிய பொருள்தானே என்று நேயர்கள் இகழாதிருப்பார்களாக.

கொடுங்கையூர் என்றவுடன் பலர் மூக்கைப் பொத்துவதை யாம் அறிவோம். சென்னையின் வடபகுதிக் குப்பை வந்து சேரும் மேடு அங்கே உள்ளது. நகரத்தாரின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையமும் அங்கே உள்ளது. எந்தையார் அந்நிலையத்தில் பணி செய்பவர். 2022ஆம் ஆண்டு யாம் கலாசாலையிற் சேர்ந்த முதல் வாரத்தில், மாணவர் ஒவ்வொருவரும் எழுந்து தத்தம் ஊரையும் பெற்றோர் தொழிலையும் கூறவேண்டியிருந்தது. எம் முறை வந்தபொழுது, "பெரம்பூர்ப் பக்கம்; தகப்பனார் அரசாங்க உத்தியோகம்" என்று சொல்லி விரைந்து அமர்ந்தோம். பொய் சொன்னோமென்று எவரும் எம்மைக் குற்றஞ்சாட்ட இயலாது. ஆயினும் மெய் சொன்னோமில்லை என்பதை எம் நெஞ்சம் அறியும். கட்டணம் செலுத்துதற்குத் தாமே கலாசாலைக்கு வருவதாக அப்பா சொன்ன பொழுதும், "நீங்கள் எதற்கு அலையவேண்டும்?" என்று அன்பு காட்டுவார்போலத் தடுத்துவிட்டோம். இச்செய்தி மீன்தொட்டிக்குச் சம்பந்தமற்றதெனத் தோன்றலாம். சம்பந்தம் உண்டென்பது போகப் போக விளங்கும்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில், எம் தங்கையின் நெடுநாளைய வேண்டுகோளுக்கிணங்கிக் கொளத்தூருக்குச் சென்றோம். வண்ணமீன் வளர்ப்புக்கும் வாணிகத்துக்கும் அவ்வூர் எவ்வளவு பெயர்பெற்றது என்பதைச் சென்னையில் உள்ளோர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. தெரு நெடுகக் கண்ணாடித் தொட்டிகள். கப்பியும் மோலியும் ஏஞ்சலும் பைட்டரும் நெகிழிப் பைகளில் தொங்கும். யாம் ஆறு பொன்மீன்களும், ஒரு தொட்டியும், ஒரு காற்றுப் பம்பும், ஸ்பாஞ்சு வடிகட்டி ஒன்றும், வண்ணக் கற்கள் ஒரு பையும் வாங்கி வந்தோம். குழாய்நீரை முதல்நாளே பிடித்து வைத்து, அதிலுள்ள குளோரின் வாடை நீங்கிய பின்னரே தொட்டியில் ஊற்றினோம். ஐம்பது லிட்டர் நீர் கொண்டது. அன்று மாலையே ஆறு மீன்களையும் விட்டோம். தங்கை ஆறுக்கும் பெயரிட்டு முடிக்க இரவு பத்து மணியாயிற்று.

மூன்றாம் நாள் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வந்து வாய் பிளந்தன. நீர் சிறிது கலங்கியிருந்தது. அழுக்கே காரணமென்று துணிந்து, தொட்டியை முழுவதும் கவிழ்த்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பினோம். இரண்டு நாள் நலமாயிருந்து மீண்டும் வாய் பிளந்தன. மீண்டும் கழுவினோம். இவ்வாறு எத்துணைக்கெத்துணைத் தூய்மை செய்தோமோ, அத்துணைக்கத்துணை மீன்கள் சோர்ந்தன. பன்னிரண்டாம் நாள் நான்கு மீன்கள் இறந்து கிடந்தன. தங்கை அன்று உண்ணவில்லை.

இரவுப் பணி முடிந்து விடியலில் வந்த அப்பா, வழக்கம்போலக் கொல்லையில் குளித்து உடைமாற்றிய பின்னரே உள்ளே வந்தார். தொட்டியை உற்று நோக்கினார். ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "இதைக் கழுவினாயா?" என்றார். "நாள்தோறும் கழுவுகிறோம்" என்று சிறிது பெருமையுடனேயே விடை கூறினோம். அவர் நகைக்கவில்லை. "தம்பி, மீனை அப்புறம் வளர்க்கலாம், முதலில் தண்ணீரை வளர்" என்றார்.

அன்று அவர் எமக்குச் சொன்னதையும், பின்னர் யாம் நூல்களிற் கண்டதையும் சேர்த்து இங்கே தருகிறோம். மீன் உண்ட உணவு கழிவாகும்போது அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. மீனின் செவுள்வழியே அது நேரே நீரில் கலக்கின்றது. ஆறும் குளமும் பரந்தவையாதலின் அந்நஞ்சு ஆங்கே பொருட்படுத்தத்தக்கதன்று. ஐம்பது லிட்டரில் ஆறு பொன்மீன் என்றாலோ, அது சிறிய அறையில் பலரைப் பூட்டிப் புகையிட்டது போலாம். ஆயினும் இயற்கை இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை உண்டு நைட்ரைட்டாக மாற்றும். மற்றொருவகை அந்நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் கொடியதே, அது மீனின் இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கி, உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். நைட்ரேட்டு அளவோடிருப்பின் தீங்கற்றது, செடிகளுக்கு உரமாவது. இவ்வுயிர்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து 1890ஆம் ஆண்டை ஒட்டி உலகுக்கு உணர்த்தியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷிய விஞ்ஞானி. இரு வேலைகளையும் தனித்தே முடிக்கவல்ல உயிரும் உண்டென்பது 2015ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று. அதனைக் கண்ட இரு குழுவினருள் ஒரு குழுவினர்க்கு அது கிடைத்த இடம், கெண்டையின மீன் வளர்ப்புத் தொட்டியொன்றின் வடிகட்டியாகும்!

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிடக் கல்லிலும் கண்ணாடியிலும் ஸ்பாஞ்சின் துளைகளிலும் ஒட்டி வாழ்வதையே பெரிதும் விரும்புவன. மெல்லப் பெருகுவன, ஒரு புதுத்தொட்டியில் அவை போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். யாமோ அவை குடியேறத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் குளோரின் கலந்த குழாய்நீரைப் பாய்ச்சி அழித்துவந்தோம்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டோம். கேட்டவுடனேயே நாணினோம். அப்பா எம்மை ஒருமுறை நோக்கிவிட்டு, "இருபத்தைந்து வருஷமாக அந்தப் பூச்சிகளுக்குத்தானே காற்றூதிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அவர் பணி செய்யும் நிலையத்தில் நடப்பது என்னவென்று அன்றுதான் யாம் முதன்முதலாக வினவினோம். கழிவுநீர் பெருந்தொட்டிகளில் தேங்கி, கனத்த அழுக்கு அடியிற் படியும். பின்னர் அந்நீருக்குள் ஓயாது காற்று செலுத்தப்படும். அக்காற்றால் உயிர்த்துப் பெருகும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணும். அவ்வுயிர்க் கூட்டம் சேறாகத் திரண்டு படிந்தபின், அதில் ஒரு பகுதியை எறிந்துவிடாமல் மீண்டும் தொட்டிக்கே அனுப்புவர். இம்முறையை ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரில் ஆய்ந்து வெளியிட்டனர். 'உயிருள்ள சேறு' என்று அப்பா அதனை அழைப்பார். அதனைக் கழுவித் துப்புரவு செய்துவிட்டால் நிலையமே நின்றுபோகும் என்றும் சொன்னார். எம் முன்னறைத் தொட்டியும் எம் ஊர் நிலையமும் ஒரே தொழிலைச் செய்பவை என்று அறிந்தபோது எமக்கு உண்டான வியப்பு இவ்வளவினதன்று.

மறுநாள் கொளத்தூர் சென்று, மீன் விற்கும் அம்மையார் ஒருவரிடம் எம் குறையைக் கூறினோம். அவர் தம் பழந்தொட்டியில் கிடந்த கரிய ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து நீருடன் பையிலிட்டுக் கொடுத்து, "அழுக்கென்று கழுவிவிடாதே தம்பி; இதிலேதான் உயிர் இருக்கிறது" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். உணவைப் பாதியாகக் குறைத்தும், நாளொன்றுக்கு நாலிலொரு பங்கு நீரை மட்டும் மாற்றியும், ஒரு சிட்டிகை உப்பிட்டும் எஞ்சிய இரு மீன்களைக் காத்தோம். கறியுப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டை மீனின் உடலுள் புகவிடாது தடுக்கும். ஆறாம் வாரத்தில் நீர் பளிங்காயிற்று.

இத்துடன் கதை முடிந்திருந்தால் யாம் அறிவாளி என்ற பெயருடன் தப்பியிருப்போம். நீரைக் கழுவக்கூடாதென்று கற்ற யாம், அதன்பின் நீரைத் தொடவே கூடாதென்று எண்ணிவிட்டோம். ஒரு மடமையினின்று நீங்கியோர் அதற்கு எதிர்ப்புறத்து மடமையிற் போய் விழுதல் உலகியல் போலும். துணைக்கு மேலும் இரு மீன்கள் வாங்கி விட்டிருந்தோம். வெயிலில் வற்றிய அளவுக்கு நீர் சேர்ப்பதன்றி, பத்து மாதம் நீர் மாற்றவேயில்லை. எம் வீட்டு ஆழ்குழாய் நீர் உப்பும் கடினமும் மிக்கது. கண்ணாடியில் வெண்கறை படியும். ஆகவே குடிப்பதற்கு வைத்திருந்த ஆர்.ஓ. இயந்திரத்து நீரையே ஊற்றிவந்தோம். அதனினும் தூயது வேறென்ன என்று கருதினோம்.

ஈண்டு நீரின் குணத்தைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். புளிப்புத் தன்மையையும் காரத்தன்மையையும் பி.எச். என்னும் எண்ணால் அளப்பர். ஏழு நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். நீரில் கரைந்துள்ள கார்பனேட்டு உப்புக்கள் இவ்வெண்ணை அசையாது தாங்கி நிற்கும் தூண்கள் போல்வன. முன்னர்க் கூறிய நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. அது இத்தூண்களைச் சிறிது சிறிதாக அரிக்கும். அம்மோனியாவிலுள்ள ஒரு கிராம் நைட்ரஜனை மாற்றுவதற்கு, சுண்ணக் கார்பனேட்டின் கணக்கில் ஏழு கிராம் அளவு கரைந்தொழியும். புதுநீர் மாற்றிவந்தால் இழந்தது திரும்பக் கிடைக்கும். ஆர்.ஓ. நீரிலோ அவ்வுப்பு ஏறக்குறைய இல்லை. ஆதலால் எம் தொட்டியின் பி.எச். மாதந்தோறும் இறங்கி ஆறுக்குக் கீழே வந்துவிட்டது. அந்நிலையில் நுண்ணுயிர்களும் தம் தொழிலில் தளர்ந்தன, அம்மோனியா சேர்ந்தது. ஆயினும் மீன்கள் இறக்கவில்லை. காரணம், புளித்த நீரில் அம்மோனியா நஞ்சு குறைந்த வேறொரு வடிவில் அடங்கிக் கிடக்கும் என்பதே. பி.எச். ஆறாக இருக்கையில், மொத்த அம்மோனியாவில் பதினாயிரத்தில் ஆறு பங்களவே கொடிய வடிவில் இருக்கும். எட்டாகும்போதோ நூற்றில் ஐந்து பங்குக்கு மேலாகும்.

2023ஆம் ஆண்டு மே மாதம் தங்கையின் பிறந்தநாள் வந்தது. உறவினர் வருவர் என்று தொட்டியை அழகுபடுத்த விரும்பி, முக்காற் பங்கு நீரை இறைத்துவிட்டு, ஆழ்குழாய் நீரை ஒரேயடியாக நிரப்பினோம். ஸ்பாஞ்சை மட்டும் தொடவில்லை, அவ்வளவேனும் கற்றிருந்தோம்! அந்நீரின் பி.எச். எட்டு. தொட்டியில் எஞ்சியிருந்த அம்மோனியா அடக்கம் நீங்கித் தன் கொடுமையைக் காட்டிற்று. விருந்தினர் உண்டு எழுமுன் மூன்று மீன்கள் புரண்டன. நடுநிசிக்குள் அவை இறந்தன. பழைய இரண்டில் ஒன்று மட்டும் பிழைத்தது. அந்த நீர் நல்ல நீர்தான். இந்த நீரும் பத்து மாதம் அவற்றைக் காத்த நீர்தான். ஒன்றினின்று மற்றொன்றுக்கு ஒரு நாழிகையிற் பாய்ந்ததே அவற்றைக் கொன்றது.

அதன்பின் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், ஞாயிறுதோறும் நீரைச் சோதித்து எழுதும் வழக்கத்தை மேற்கொண்டோம். சோதனைத் துளிகள் கொளத்தூர்க் கடைகளில் கிடைக்கும். வாரம் ஒருமுறை நாலிலொரு பங்கு நீர் மாற்றம். மாற்றும் நீர் தொட்டி நீரோடு ஒத்த சூட்டில் இருத்தல் வேண்டும். எம் பகுதிக்கு வரும் குழாய்நீர் எக்காலத்தும் ஒரே தன்மையதன்று. புழல் ஏரி நீரும், மீஞ்சூருக்கு அருகில் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிலையத்தில் உப்பு நீக்கப்பட்ட கடல்நீரும் வடசென்னைக்கு உதவுவன. ஆதலின் பிடித்த நீரைச் சோதியாது ஊற்றுவதில்லை. குளோரின் நீக்க ஹைப்போ உப்பில் சில பொடிகள் போதும். ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிவோம். வற்றிய நீருக்கு ஈடுசெய்வதும் நீர் மாற்றுவதும் வெவ்வேறு என்பதை மறவோம்; ஆவியாகப் போவது நீர் மட்டுமே, உப்பும் கழிவும் உள்ளேயே தங்கிவிடும். இறைத்த நீரை அன்னையார் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவார். அவை செழித்திருப்பதற்கு நைட்ரேட்டே காரணமென்று யாம் சொன்னால், தம் கைராசியே காரணமென்பார்.

கோடையில் இன்னொரு கவலை. 20 பாகை சென்டிகிரேடு வெம்மையில் ஒரு லிட்டர் நீர் ஒன்பது மில்லிகிராம் அளவு உயிர்க்காற்றைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். தகரக் கூரையின் கீழ் மே மாதத்தில் நீர் எவ்வாறு கொதிக்கும் என்பது அங்கு வாழ்வோர்க்கே தெரியும். தொட்டியை மேற்குச் சாளரத்தினின்று நீக்கி, ஈரத்துணி சுற்றி, காற்றுப் பம்பை இடைவிடாது ஓட்டினோம்.

மீன்தொட்டி வரலாற்றையும் ஒருவாறு படித்தோம். லண்டனில் வாரிங்டன் என்னும் இரசாயன நூலறிஞர், பொன்மீன் இரண்டும், வாலிஸ்னீரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியும் ஒரு கலத்தில் இட்டு, அழுகிய இலைகளை உண்ண நத்தைகளையும் சேர்த்து, நீர் மாற்றாமலே உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி வாழ்தலை 1850ஆம் ஆண்டில் விளக்கினார். நம் சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மீன் காட்சிச்சாலையே இந்தியாவில் முதலாவது. இன்று அஃது இல்லை.

அவ்வாண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வந்தது. 4ஆம் தேதி பெய்த மழையை நேயர்கள் மறந்திரார். எம் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது, மின்சாரம் போயிற்று. அப்பா முதல்நாளே பணிக்குச் சென்றவர் திரும்பவில்லை; கைப்பேசியும் செயலற்றது. மாலையில் தொட்டியின் குமிழிகள் நின்று நெடுநேரமாயிருந்தது. காற்று நின்றால் மீன் மட்டுமன்று, ஸ்பாஞ்சிலுள்ள உயிர்களும் மூச்சடைத்து மடியும் என்பதை அறிந்திருந்தோம். ஆகவே யாமும் அன்னையாரும் தங்கையும் முறைவைத்து, கால்மணிக்கு ஒருமுறை குவளையால் நீரை மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியிலேயே ஊற்றினோம். மீனுக்கு இரையிடவில்லை. மெழுகுவத்தி ஒளியில் அந்த ஒரு மீன் அசைவதையும், வெளியே நீர் ஏறுவதையும் மாறி மாறிப் பார்த்திருந்தோம்.

அவ்விரவில் எம் நினைவெல்லாம் அப்பாவிடத்தே இருந்தது. நாங்கள் மூவர் ஒரு குவளையால் செய்வதை, அவரும் உடன்பணியாளரும் ஒரு நகரத்துக்குச் செய்துகொண்டிருப்பர் என்று எண்ணினோம். அவர் தொழிலின் பெயரைச் சொல்ல நாணிய எம் வாய், அன்று அவர் நலத்தைத் தவிர வேறொன்றையும் வேண்டவில்லை.

இரண்டு இரவுகள் இவ்வாறு கழிந்தன. மூன்றாம் நாள் நண்பகலில் அப்பா வந்தார். நீரில் ஊறிக் கால்கள் வெளுத்திருந்தன. அன்னையார் அழுதார். "அங்கே எப்படி?" என்று கேட்டோம். "சேறு உயிரோடிருக்கிறது" என்று மட்டும் சொன்னார். பின்னர்த் தொட்டியைப் பார்த்து, "இங்கே?" என்றார். தங்கை, "இங்கேயும்தான் அப்பா" என்றாள்.

அந்நிலையத்தில் தெளிந்த நீரின் ஒரு பகுதி, 2019ஆம் ஆண்டு முதல், மேலும் வடிக்கப்பட்டு மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்குச் செல்கிறது. நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வடிக்கும் திறனுடையது அவ்வேற்பாடு. ஆலைகள் அந்நீரைக் கொள்ளுமளவுக்குக் குடிநீர் மிச்சப்படுகிறது. ஏரிகள் வறண்ட ஆண்டுகளை நினைப்போர் இதன் பயனை எளிதில் உணர்வர்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில், கட்டணம் செலுத்தும் நாளன்று, யாமே வேண்டி அப்பாவைக் கலாசாலைக்கு அழைத்துவந்தோம். உயிர்நூற் கூடத்தின் வாயிலில் ஒரு மீன்தொட்டி இருப்பது பலர்க்கும் தெரியும். அப்பா அதன் முன் நின்றுவிட்டார். "இந்த ஸ்பாஞ்சைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்?" என்று பணியாளரை வினவினார். "வெள்ளிதோறும் ஐயா, குழாய்நீரில் நன்றாக" என்று அவர் மகிழ்ந்து விடையளித்தார். அப்பா அவரை அமர்த்தி, உயிருள்ள சேற்றின் பெருமையை எடுத்துரைக்கத் தொடங்கினார். மாணவர் சிலர் கூடினர். ஆசிரியர் ஒருவரும் வந்து நின்று கேட்டார். கால்மணி கழிந்தபின் ஒரு நண்பர் எம் தோளைத் தொட்டு, "புதிய விரிவுரையாளரோ?" என்றார்.

"எம் தகப்பனார்" என்றோம். "கொடுங்கையூர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பணி. எம் வீடும் கொடுங்கையூர்தான்."

சொல்லி முடித்தபின்னும் வானம் இடிந்து விழவில்லை. நண்பர், "எங்கள் வீட்டுத் தொட்டியிலும் மீன் நிற்பதேயில்லை, ஒருநாள் வந்து அவரைப் பார்க்கலாமா?" என்றே கேட்டார். அடுத்த ஞாயிறே வந்தார். முன்னறையில் அமர்ந்து அன்னையார் தந்த காப்பியை அருந்தியவாறே, எம் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படியெடுத்துக்கொண்டார். அப்பா அவரிடம் ஒரு பழைய ஸ்பாஞ்சை நீருடன் பையிலிட்டுக் கொடுத்து, கழுவிவிடாதே என்றார்.